ஆற்றுக்கு மேலே தொங்கிய கல்யாணம்

போன சனிக்கிழமை, சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் ராகவனை டொக்லாண்ட்ஸ் பக்கம் கூட்டிப்போனேன்.

லண்டனுக்கு யார் வந்தாலும் நான் காட்டுவது மெழுகு பொம்மைகளை அல்ல. மகாராணி வீட்டு வாசலையும் அல்ல. சாரதி இல்லாமல் ஓடுகிற அந்தக் குட்டி ரயிலைத்தான். விருந்தாளியை முன்வரிசை சீட்டில் உட்கார வைத்துவிட்டு, வெளியே பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவேன். இதைவிட நல்ல பொழுதுபோக்கு இந்த ஊரில் வேறு உண்டா என்ன?

ராகவன் முதலில் சிரித்தார். பிறகு எழுந்து நின்றார். பிறகு கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“சார்… டிரைவர் எங்க?”

“இல்லை.”

“இல்லைன்னா? டீ குடிக்கப் போயிருக்காரா?”

“ஆளே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்.”

அடுத்த வளைவில் கண்ணை மூடிக்கொண்டார். பாவம், ஆறுதலாக ஏதாவது சொல்லுவோமே என்று வாயைத் திறந்தேன். “இதுக்கே பயந்தால் எப்படி? ஜேர்மனியில் ஒரு ரயில் இருக்கிறது. ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டே போகும். நான் ஏறியிருக்கிறேன்.”

ராகவன் கண்ணைத் திறந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சார், நீங்க பத்தி எழுதுறவர். எழுதும்போது கதை விடுங்க, வேண்டாங்கல. நேர்ல பேசும்போதாவது…”

பார்த்தீர்களா? சாரதியே இல்லாத ரயிலில் உட்கார்ந்துகொண்டு, தொங்குகிற ரயிலை நம்பமாட்டாராம்! எனக்குக் கோபம் வரவில்லை. பழகிவிட்டது. அந்தத் தொங்குரயிலை நம்பாததால் ஒரு கல்யாணமே நின்றுபோக இருந்தது. கவுன்சில்காரர்களின் குப்பைத்தொட்டி விவகாரத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது எங்கேயும் ஓடிவிடாது. இதைக் கேளுங்கள்.

நாலைந்து வருடம் இருக்கும். ஹவுன்ஸ்லோவில் சிற்றம்பலம் அண்ணை வீடு. அண்ணை ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். யாழ்ப்பாணப் பாதையில் அவர் கொடி காட்டாத ஸ்டேஷன் குறைவு. சண்டை வந்தது. ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கிளப்பிக்கொண்டுபோய்ப் பங்கருக்குக் கூரை போட்டார்கள். அண்ணை மனைவியையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தார்.

மகள் வதனி. விமான நிலையத்தில் சென்ட் விற்கிற கடையில் வேலை. கெட்டிக்காரி. அவளுக்குப் பொருந்தி வந்தவர் ஒரு ஜேர்மனி மாப்பிள்ளை. பெயர் குகன். வூப்பெற்றால் என்கிற ஊரில் மெக்கானிக். சாதகம் பொருந்தியது. படம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைக்கலாம் என்று அண்ணை பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்தார்.

கொடுத்துவிட்டு, மேல்மாடியில் இருந்த இன்னொரு போனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொள்வார். ஒளித்துக் கேட்பதில்லையாம்… கண்காணிப்பாம்! அவர் மூச்சு விடுகிற சத்தம் ஜேர்மனி வரை கேட்டது என்று பிறகு வதனி சொன்னாள்.

இப்படிச் சில ஞாயிறுகள் போயின. ஒருநாள் எனக்கு அவசர அழைப்பு.

“தம்பி, உடனை வா. பெடியன் ஒரு புளுகன்.”

கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து அடித்துப்பிடித்துப் போனேன். அண்ணை கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மனைவி பரமேஸ் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். முகம் உம்மென்று இருந்தது. வதனி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“அவன் கதைக்கேக்கை பின்னாலை ஒரு சத்தம் வருது. மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா. முதல் கிர்ர்ர்… எண்டு இரும்பு நடுங்கும். பிறகு கடகடகட எண்டு மேலையிருந்து கொட்டும். கடைசியிலை கிறீ…ச். ‘அதென்ன தம்பி சத்தம்?’ எண்டு கேட்டன். ரெயிலாம்!”

ஆக, ஒளித்துக் கேட்டவர் தாங்க முடியாமல் நடுவிலே புகுந்து கேள்வியும் கேட்டிருக்கிறார்!

“ஜேர்மனியிலை ரெயில் இல்லாமலோ அண்ணை?”

“எனக்குச் சொல்லித்தாறியோ? நான் ரெயிலோடை படுத்தெழும்பினவன். ரெயில் எண்டால் தூரத்திலை தொடங்கும், கிட்ட வரும், போகும். இது வாறதும் தெரியேல்லை, போறதும் தெரியேல்லை. ஹோர்ண் இல்லை. கேற் மணி இல்லை. மூண்டு நிமிசத்துக்கு ஒண்டு எந்த விசரன் விடுவான்? அது—”

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் கூரையை உரசுகிற மாதிரிப் போனது. அண்ணை வாயை மூடினார். அக்கா அனிச்சையாகத் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹவுன்ஸ்லோவில் இது வழக்கம்தானே… நானும் பேசாமல் இருந்தேன்.

“—மெஷின், தம்பி. பெடியன் ஏதோ பக்டரிக்குள்ளை படுத்துக் கிடக்கிறான். வீடும் இராது, விசாவும் இராது.”

அந்தக் கடைசிச் சொல்தான் விஷயம். அந்த நாட்களில் விசா இல்லாத மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிவிட்டு, கூறைச் சேலைப் பெட்டியோடு அகதி விடுதியில் போய் உட்கார்ந்த பெண்களை நமக்கெல்லாம் தெரியும். அண்ணைக்கு ஒரே மகள். அவருடைய பயத்தை நான் எப்படிப் பிழை சொல்ல?

“அப்ப அவர் என்ன விளக்கம் தந்தவர்?”

“அதுதானே எனக்குக் கொதி! ரெயில் தொங்குதாம். ஆத்துக்கு மேலை. சக்கரம் கூரையிலையாம். சரி, பெடியன் பகிடி விடுறான், பொறுப்பம் எண்டு இருந்தன். உடனை, ‘ஐயா, நீங்கள் ரெயில்வேக்காரர், உங்களுக்கு இது பிடிக்கும்’ எண்டிட்டு, ஒரு யானை இந்த ரெயினிலை ஏறிப் பாதிவழியிலை ஆத்துக்கை குதிச்சதெண்டு சொல்லுறான். யானை, தம்பி! நான் போனை வைச்சிட்டன்.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் குரல் உடைந்திருந்தது.

“வேறை எதைப் பற்றியெண்டாலும் பொய் சொல்லட்டும். ரெயிலைப் பற்றி… எனக்கோ?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடப் போவதாக அறிவித்தார். நல்லவேளை, அந்த வாரம் டோர்ட்முண்டில் பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்தியச் சடங்குக்கு நான் போக இருந்தேன். வூப்பெற்றால் அங்கிருந்து பக்கம்தான். அண்ணையிடம் இருந்ததோ அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். ஜேர்மனி விசாவுக்கு அலைந்து முடிவதற்குள் மாப்பிள்ளைக்கு நரைத்துவிடும். என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்.

“நான் நேரிலை பாத்து விசாரிச்சுக்கொண்டு வாறன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதேங்கோ.”

“சரி. பாத்திட்டு வந்து, நம்பிற மாதிரி ஏதாவது சொல்லு” என்றார்.

ஊரில் என்றால் மாப்பிள்ளை விசாரிப்பது சுலபம். பக்கத்து வீட்டு வேலியடியில் நின்று ஒரு பேச்சுக் கொடுத்தால் போதும், பரம்பரையே வந்து விழும். ஐரோப்பாவில் வேலிக்கு எங்கே போவது? நானே நேரில் போய்க் கதவைத் தட்டவேண்டியிருந்தது.

வூப்பெற்றாலில் இறங்கி வெளியே வந்தேன். முதலில் எனக்குக் கேட்டது அந்தக் ‘கிர்ர்ர்…’தான். அண்ணை சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை! நிமிர்ந்து பார்த்தேன். பச்சை நிற இரும்புக் கால்கள் ஆற்றின் இரண்டு கரையிலும் அகட்டி ஊன்றி நின்றன. உச்சியில் ஒற்றைத் தண்டவாளம். அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஆட்கள் நிறைந்த ஒரு ரயில் என் தலைக்கு மேலே கடகடவென்று போனது. உள்ளே ஒரு ஜேர்மன்காரி சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். நான் நடுரோட்டில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சைக்கிள்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான்.

குகனின் வீடு ஆற்றங்கரைத் தெருவில், இரண்டாம் மாடியில் இருந்தது. முறையான வீடு, முறையான விசா. அவருடைய அக்கா தேவியின் குடும்பம் அதே கட்டடத்தில் கீழே. தேவிதான் கதவைத் திறந்தார்.

“வாங்கோ அண்ணை, இருங்கோ. ரீ குடிக்கிறியளோ, இல்லாட்டில்…”

ஜன்னலுக்கு வெளியே ரயில். கண்ணாடி அலுமாரிக்குள் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. தேவி அப்படியே நின்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரயில் போய், இரும்புச் சட்டங்களின் நடுக்கமும் ஓய்ந்தது.

“…கோப்பியோ?” என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

குகன் என்னை அந்த ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார். வளைவுகளில் பெட்டி பக்கவாட்டில் சாய்கிறது. ஸ்டேஷனில் ஆட்கள் ஏறினால் ஊஞ்சல் மாதிரி லேசாக அசைகிறது. சத்தம் வெளியில்தான் அதிகம். உள்ளே மோட்டாரின் ஒரு முனகல், திரும்பும்போது அந்தக் கிறீச்சு, அவ்வளவுதான். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் குட்டி டேப் ரெக்கார்டரை அமுக்கிவிட்டேன்.

“ஏன் அண்ணை தொங்கவிட்டவங்கள் எண்டு தெரியுமோ? இது ஒடுங்கின பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் பக்டரி, வீடு. தண்டவாளம் போட நிலம் இல்லை. ஆத்துக்கு மேலை மட்டும் ஒருத்தரும் குடியிருக்கேல்லை. அதுதான்.”

1901ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிய ரயிலாம். சனங்களை ஏற்றுவதற்கு முன்னால் ஜேர்மன் சக்கரவர்த்தியே மனைவியோடு ஏறி உட்கார்ந்து பார்த்தாராம். உலக யுத்தத்தில் குண்டு விழுந்து பாதை அங்கங்கே அறுந்து போனது. சண்டை முடிந்ததும் ஒட்டுப்போட்டு மறுபடி ஓடவிட்டார்கள். யானைக் கதையும் முழு உண்மை. ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காகக் குட்டி யானையை ஏற்றினார். அது சத்தத்தில் மிரண்டு, பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. சின்னச் சிராய்ப்போடு எழும்பி நடந்து போனதாம்.

குண்டு விழுந்த பாதை மறுபடி ஓடியது என்று கேட்டதும் எனக்குச் சிற்றம்பலம் அண்ணையின் முகம்தான் ஞாபகம் வந்தது. சொன்னேன். குகன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அதைத்தான் அண்ணை ஐயாவுக்குச் சொல்ல வெளிக்கிட்டனான். யானையிலை தொடங்கினது பிழைச்சுப்போச்சு.” என் பக்கம் திரும்பினார். “உண்மையைச் சொல்லியே நம்பாட்டில், நான் இனி என்ன பொய்யைச் சொல்லுறது? எனக்கு வதனியை விட ஏலாது அண்ணை.”

எனக்கு அந்தப் பெடியனை அங்கேயே பிடித்துப்போனது.

இனித்தான் வேடிக்கை. நான் கிளம்புகிற நேரம் தேவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். குரலைத் தணித்தார்.

“அண்ணை, ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியளே? அந்தக் குடும்பம்… எயாப்போட்டுக்குள்ளையோ இருக்கினம்?”

“என்ன?”

“தோட்டத்தோடை வீடு எண்டுதான் சொல்லுகினம். ஆனால் எப்ப போன் எடுத்தாலும் பின்னாலை பிளேன். அதுவும் தலைக்கு மேலை இறங்கிற மாதிரி. விசா இல்லையெண்டு பிடிச்சு எயாப்போட்டிலை வைச்சிருக்கினமோ எண்டு எனக்கு ஒரே யோசினை. எனக்கும் இவன் ஒரே தம்பி அண்ணை.”

நான் சிரித்த சிரிப்பில் கோப்பி புரைக்கேறிவிட்டது. ஹவுன்ஸ்லோவின் பூகோளத்தை விளக்கினேன். வீடு உண்மையான வீடு, தோட்டத்தில் ரோஜா நிற்கிறது, கூரைக்கு மேலேதான் விமானம் இறங்குகிறது, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றேன்.

தேவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூண்டு நிமிசத்துக்கு ஒரு பிளேனோ? அதுக்குக் கீழை சனம் குடியிருக்குதோ? போங்கோ அண்ணை… நம்பிற மாதிரி ஏதாவது சொல்லுங்கோ!”

திரும்பி வந்த அன்றே ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். கடையில் வாங்கிய தொங்குரயில் போஸ்ட்கார்டை நீட்டினேன். யானை ஆற்றில் விழுகிற இன்னொரு கார்டும் இருந்தது. அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஒட்டின படம்.”

அதில் அவர் சொன்னது சரி! யானை குதித்த நேரம் யாரும் படம் எடுக்கவில்லையாம், பிறகு ஒட்டிச் செய்ததாம். சொன்னால் விஷயம் கெட்டுவிடும் என்று நான் வாயே திறக்கவில்லை. டேப்பைப் போட்டேன்.

கிர்ர்ர்… கடகடகட… அண்ணை “மெஷின்” என்றார். நான் நிறுத்தவில்லை. டேப்பில் ரயில் ஏறிப் போனோம். முனகல். கிறீச்சு. பிறகு வேகம் குறைந்தது. நின்றது. கதவு திறந்தது. செருப்புச் சத்தங்கள், யாரோ ஒரு குழந்தை அழுதது, கதவு மூடியது. மறுபடி முனகல் எழும்பியது.

அண்ணையின் கை காற்றில் அப்படியே நின்றது.

“நிப்பாட்டி எடுக்கிறான்…” என்றார் மெதுவாக. “சனத்தை இறக்கி, ஏத்தி, எடுக்கிறான். மெஷின் சனத்தை இறக்காது. இது ஸ்ரேசன். இது ரெயில்தான்.”

அடுத்த ஸ்டேஷன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் அவர் தலை தானாக அசைந்தது. கொடி காட்டுகிற ஆளின் தலையசைப்பு அது. டேப் முடிந்தது.

“மூண்டு நிமிசத்துக்கு ஒண்டு… என்ரை கடைசி ஸ்ரேசனிலை, தம்பி, நாள் முழுக்க இருந்தாலும் ஒண்டும் வராது. அங்கை இருக்கிறவன் குடுத்துவைச்ச ஸ்ரேசன் மாஸ்ரர்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிலைமையைச் சமாளிக்கத் தேவியின் சந்தேகத்தை எடுத்துவிட்டேன்.

“என்ரை வீட்டை எயாப்போட் எண்டோ? என்ன கொழுப்பு! எங்கடை வீட்டிலை எங்கை சத்த—”

விமானம். நால்வரும் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தோம். அது போனதும் வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“நீ என்னடி சொல்லுறாய்?” என்று அப்போதுதான், முதல்முறையாக, அவளைப் பார்த்துக் கேட்டார்.

“அப்பா, அவரின்ரை ரெயின் வந்தால் நான் பேசாமல் இருப்பன். எங்கடை பிளேன் வந்தால் அவர் பேசாமல் இருப்பார். பிறகு விட்ட இடத்திலை இருந்து தொடங்குவார். நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தனான் எண்டதையும் மறக்கமாட்டார். நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் பொறுக்கிற ஒரு மனுசனை எனக்கு வேறை எங்கையப்பா பிடிச்சுத் தருவியள்?”

பரமேஸ் அக்கா ஓரக்கண்ணால் அண்ணையைப் பார்த்தார். அண்ணை அவசரமாகப் போனை எடுத்தார்.

“தம்பி குகன், நான் சிற்றம்பலம். நல்லா யோசிச்சுப் பார்த்தன். எங்களுக்கு இந்தச் சம்பந்தம்…”

விமானம்! அதுவும் பெரிய ஜம்போ. கூரை அதிர்ந்தது. அண்ணை ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். அது ஓய்ந்தது. வாயைத் திறந்தார். ரிசீவருக்குள் ‘கிர்ர்ர்…’ என்று அந்தப் பக்கத்து ரயில். வதனி பல்லால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஜேர்மனியில் அந்தப் பெடியன் என்ன பாடு பட்டிருப்பான்! லண்டனிலும் வூப்பெற்றாலிலும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“…முழுச் சம்மதம்” என்றார் அண்ணை.

ராகவனிடம் ரயிலில் வைத்தே இதையெல்லாம் சொன்னேன். “நல்லா இருக்கு சார், எழுதுங்க” என்றார். விடுவேனா? சாட்சியோடு நிரூபிக்க அன்று மாலையே கிழக்கு லண்டன் குட்மேய்ஸுக்கு இழுத்துப்போனேன். குகனும் வதனியும் கல்யாணத்துக்குப் பிறகு அங்கேதான் குடியிருக்கிறார்கள். அமைதியான தெரு. இலை விழுந்தால் கேட்கும்.

தொங்குரயில் என்று சொன்னதுதான் தாமதம், குகன் பிடித்துக்கொண்டார். பள்ளத்தாக்கு, சக்கரவர்த்தி, யானை… தேநீர் ஆறியது. இரவுச் சாப்பாடு வந்து போனது. ராகவன் ரயிலையும் நம்பி, யானையையும் நம்பி, கொட்டாவியும் விட்டுவிட்டார். குகன் நிறுத்துவதாக இல்லை.

வதனி என் பக்கம் குனிந்து சொன்னாள். “பாத்தியளோ அங்கிள்? இங்கை மேலையும் ஒண்டும் போறதில்லை, பக்கத்தாலையும் ஒண்டும் போறதில்லை. நான் எப்பதான் கதைக்கிறது?”

வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்… ஹவுன்ஸ்லோவில், விமானம் இறங்குகிற பாதைக்கு நேர் கீழே!